குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

சொந்த ஊரான செங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் கையில் ஒரு பட்டியலோடுதான் போவேன். போன ஆனி மாதக் கடைசியில், மகளுக்கு இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிக்கொண்டு போன நான்கு நாட்களுக்காகப் போனில் குறித்து வைத்திருந்தது இது: மலை ரயிலில் புனலூர் வரை போய் வீடியோ எடுக்க வேண்டும், பிரானூர் பார்டரில் பரோட்டா, ஐந்தருவியில் ஒரு குளியல், பண்பொழி திருமலைக் கோவில், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலாக, பின்கட்டில் பழையபடி மரத்தூள் அடுப்பை மூட்டி அதில் அம்மாவை ஒரு ரசம் வைக்கச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடமும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, டிவி ஸ்டாண்டில் மாத்திரை டப்பாவுக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். நான் அதை எடுத்துப் படித்தது மூன்றாம் நாள் சாயங்காலம்.

முதலில் அடுப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய பெயிண்ட் டின் ஒன்று, அடியில் பக்கவாட்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. டின்னுக்கு நடுவில் ஒரு குப்பியை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டையை அந்தக் குப்பியின் அடியைத் தொடுகிற மாதிரி படுக்க வைத்து, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இடித்து இறுக்க வேண்டும். விளிம்பு வரை இறுகியதும் குப்பியை லேசாகத் திருகித் திருகி மேலே உருவினால் நடுவில் ஒரு கிணறு மாதிரி நிற்கும். கீழே கட்டையை உருவினால் காற்றுக்கு வழி. மண்ணெண்ணெய் நனைத்த காகிதத்தை அடியில் செருகிக் கொளுத்திவிட்டால் உள்சுவர் மெல்ல மெல்லக் கனன்று கொண்டே போகும். ஊதவும் வேண்டாம், விறகைத் தள்ளவும் வேண்டாம். சோறு, குழம்பு, ரசம், கடைசியில் மிச்சச் சூட்டில் குளிக்க வெந்நீர், எல்லாம் ஒரே டின்னில் முடிந்துவிடும்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு இது இருந்ததற்குக் காரணம் பிரானூர். கணவாய் தாண்டி வரும் மரமெல்லாம் அங்கேதான் இறங்கும், சா மில்கள் வரிசையாக இருக்கும். அப்பா அப்படி ஒரு மில்லில் கணக்குப்பிள்ளை. மாதம் இரண்டு சாக்குத் தூள் சும்மாவே வரும். அப்பாவின் சட்டையிலும் அதே வாசனைதான் இருக்கும், தேக்கு அறுத்த நாளுக்கு ஒரு மாதிரி, அயனி அறுத்த நாளுக்கு ஒரு மாதிரி. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மறுநாள் காலை மீட்டிங்குக்கு எதையோ தயார் செய்துகொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ அந்த வாசனை வரும். வராது, வந்த மாதிரி இருக்கும். உடனே அந்தக் காலம், அந்த அடுப்பு, அதில் வைத்த ரசம் என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும்.

வெள்ளிக்கிழமை காலை பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, இட்லியை முழுங்கியதும் பிரானூருக்குப் போனேன். ஒரு மில்லில் சாக்குத் தூள் விலைக்குக் கேட்டேன். அங்கே நின்ற பையன், "எதுக்கு சார், கோழிப்பண்ணைக்கா?" என்றான். அடுப்புக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். சாக்கை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ரொம்ப மரியாதையாக, "கேஸ் தீர்ந்துபோச்சா சார்?" என்றும் கேட்டான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பின்கட்டுப் பரணில் தேடிப் பழைய டின்னை நானே எடுத்தேன், அடி துருப்பிடித்து ஓட்டை இன்னும் பெரிசாகியிருந்தது. மகளைக் குப்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இடித்தேன். உருவினேன். கிணறு நின்றது, அரை நிமிஷம். அப்புறம் ஒரு பக்கம் பொதபொதவென்று சரிந்து வாயை மூடிக்கொண்டது. மறுபடி இடித்தேன். இந்தத் தடவை சரியவில்லை, பற்றவும் இல்லை. புகை மட்டும் வந்தது. அது என்ன மாதிரிப் புகை என்றால், மழைக்காலமாதலால் மேலே போகாமல் அப்படியே படுத்து, பின்கட்டிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து கூடம் என்று ஒவ்வொரு அறையாக விசாரித்துக்கொண்டு போகிற புகை. கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த துணியிலெல்லாம் ஏறியது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து இருமினாள். இதையெல்லாம் நான் வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"சாரல் காலத்துல பச்சைத் தூளைக் கொண்டாந்து பத்த வச்சா எங்கல எரியும்? சித்திரை வெயில்ல காய வச்சுச் சாக்கு சாக்கா கட்டி மச்சுல ஏத்தி வச்சிருவோம்லா ஆடி வரைக்கும்."

"எனக்கு அது தெரியாதேம்மா. நான்தான தெனமும் இடிச்சு வைப்பேன்?"

"நீயா? குப்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கதுக்கே அழுவ."

சொல்லிவிட்டு மறுபடி இருமினாள். நான் ஏதோ சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று ராத்திரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. என் நினைவில் அந்த அடுப்பை இடிப்பது என் கைகள்தான், அவ்வளவு தெளிவாக. தூளின் சொரசொரப்பு கூடத் தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதுதான் நடந்திருக்க முடியும். தினமும் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மறுநாளைக்கான டின்னை இடித்து வைத்தது அவள். தூள் கண்ணில் விழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே இடித்ததும் அவள். 1995ல் கேஸ் இணைப்பு வந்த அன்று அந்த டின்னை அவள்தான் பரணில் தூக்கிப் போட்டாள், போட்ட வேகத்தில் ஓடு ஒன்று உடைந்ததாகக்கூட வீட்டில் ஒரு கதை உண்டு. அந்த அடுப்புக்காக ஏங்குகிற ஒரே ஆள் அந்த அடுப்பில் ஒரு நாளும் சமைக்காத நான்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு மருத்துவச் சரித்திரம் இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையானது. 1688ல் யோஹானஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு ஆய்வேட்டில் இதற்கு நோஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், அல்கோஸ் என்றால் வலி. ஊரைவிட்டு வெளியே போய்க் கிடந்தவர்கள் சாப்பிடாமல் தூங்காமல் இளைத்துப்போவதைப் பார்த்து, இது ஒரு நோய் என்றே எழுதினார். பிறகு ரொம்ப காலம் அயல்நாட்டுக்குக் கூலிப்படையாகப் போன சுவிஸ் சிப்பாய்களின் நோயாகவே இதைச் சொன்னார்கள். இப்போது யாரும் நோய் என்று சொல்வதில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இதையே பல வருஷமாக ஆராய்கிற உளவியல்காரர்கள் இருக்கிறார்கள். மனசு சோர்ந்திருக்கும்போதும் தனிமையாக உணரும்போதும்தான் இந்த ஏக்கம் கிளம்புகிறது, கிளம்பி ஒரு தெம்பையும் கொடுத்துவிட்டுப் போகிறது என்கிறார்கள். என் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆக, எனக்கு வேண்டியிருந்தது அடுப்பு இல்லைபோல. திங்கட்கிழமையிலிருந்து தப்பிக்க ஒரு இடம்.

எங்கள் ஆச்சிக்கும் இது இருந்தது. அவளுக்குப் பொற்காலம் சக்கரக் காலம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்ஜியம், ரூபாய்க்கு இருபத்தெட்டு சக்கரம். "ஒரு சக்கரத்துக்கு ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கு" என்று ஆரம்பித்தால் அடுத்த ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்க முடியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்படிச் சேர வேண்டும் என்று தெற்கே மார்த்தாண்டம் பக்கம் 1954ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தே போனார்கள் ஆட்கள். ஆச்சிக்கும் சேர்ந்ததில் சந்தோஷம்தான், தமிழ் படிக்கலாமே என்று. ஆனாலும் சாகும்வரை மகாராஜா காலத்தையேதான் பேசினாள். ராஜா மேல் பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் போட்டால், அந்தச் சக்கரக் காலத்தில் அவளுக்குப் பதினைந்து, பதினாறு வயது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்ததுதான் மனிதர்களுக்கு வயதான பிறகும் அதிகம் நினைவில் நிற்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிழங்கின் விலை சும்மா ஒரு சாக்கு. ஆச்சி பேசியது பாவாடை தாவணியில் ஆற்றுக்கு ஓடின ஒரு பெண்ணைப் பற்றி.

சனிக்கிழமை ரயில்.

கொல்லம் - செங்கோட்டைப் பாதையில் 1904ல் வண்டி ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ். புனலூர் - செங்கோட்டை மலைப்பகுதியில் 2010 செப்டம்பரில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள், 2018ல்தான் முழுசாகத் திரும்பத் திறந்தது. நிறுத்தியபோது நான் சென்னையில் ஒரு பழைய நண்பனுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் புலம்பினேன். அந்தப் பாதையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்ல எனக்கு ஒரு நினைவு உண்டு: பகவதிபுரம் தாண்டியதும் வரும் ஆரியங்காவு குகை, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருட்டு, அப்புறம் பச்சைப் பசேலென்ற மலைச் சரிவில் பதின்மூன்று கண்ணறைப் பாலம், அந்தக் கருங்கல் வளைவுகளின் மேல் குட்டி ரயில் வளைந்து போவது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் இன்னொரு என்ஜின்.

மதியத்துக்கு மேல் குருவாயூர் வண்டியில் ஏறினோம். ஜன்னலோரம் மகள், அவள் தோளுக்கு மேலாக என் போன். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க ஊளையிட்டார்கள், அவளும் இட்டாள். கழுதுருட்டி நெருங்கியபோது, "இப்பப் பாரு, பாலம், பாலம்" என்று நான் போனைக் கூர்மையாக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. மரம், ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி ஏதோ, கீழே ரோட்டில் ஒரு லாரி, முடிந்தது.

"அப்பா, போனைக் கொஞ்சம் இறக்குங்க, மறைக்குது," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சின்னப் பையனா போனப்ப பாலம் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாலத்தின் மேல் போகிறவனுக்குப் பாலத்தின் வளைவுகள் எப்படித் தெரியும்? கீழே ரோட்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும். நான் வைத்திருந்த நினைவு ரோட்டிலிருந்து எடுத்தது. யாரோ ஒரு ரயில் பைத்தியம் கடைசி மாதங்களில் முக்காலி வைத்து எடுத்து யூடியூபில் போட்ட வீடியோ, நான் அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பார்த்துப் பார்த்து அதை என் பையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படியானால் என்னுடையது எது? கோடை விடுமுறையில், பதினான்கு பதினைந்து வயதில், மரம் பார்க்கப் புனலூர் போகிற அப்பாவோடு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ரயில் ஆடியபடி போக நான் ஒரு கிரிக்கெட் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருப்பேன். அப்பா சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், மரத்தில் குறி போடுகிற தட்டைப் பென்சில். "ஏல, டன்னல் வருது பாரு," என்பார். "பார்த்தாச்சுப்பா," என்பேன் தலையைத் தூக்காமல். அவ்வளவுதான் என்னிடம் உள்ள சொந்தச் சரக்கு. எப்போது வீட்டுக்குப் போய்ச் சேருவோம், மேட்ச் முடிந்திருக்குமா என்பதே அந்தப் பயணங்களில் என் கவலை. 2011ல் அப்பா போய்ச் சேர்ந்தார். ரயில் அவருக்கு ஒரு வருஷம் முன்னால்.

திரும்பும்போது புனலூரிலிருந்து பஸ். கழுதுருட்டியில் எதிரே லாரிகள் மாட்டிக்கொண்டு பஸ் பத்து நிமிஷம் நின்றது, சரியாகப் பாலத்துக்கு நேராக. மழை தூறிக்கொண்டிருந்தது. கருங்கல்லில் பாசி, வளைவுகளுக்கு அடியில் ஒரு மாடு ஒதுங்கி நின்றது. போனில் சார்ஜ் மூன்று சதவீதம். மகள் எண்ணினாள், பதின்மூன்று. நானும் எண்ணினேன், எனக்குப் பன்னிரண்டுதான் வந்தது. மறுபடி எண்ணினோம். இதை நான் எடுக்கவில்லை, ஆனால் அந்த மாடு எந்த வளைவுக்கு அடியில் நின்றது என்று இப்போதும் சொல்வேன்: இடப்பக்கமிருந்து நாலாவது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்க விடவில்லை. பரோட்டா சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது, முன்னைவிட நன்றாக இருந்ததா என்கிற ஆராய்ச்சியை மட்டும் நான் செய்யாமல் இருந்திருக்கலாம். திருமலைக் கோவில் போகவில்லை. சாயங்காலம் மழையில் வேறு வழியில்லாமல் கூடத்தில் உட்கார்ந்து, எடுத்த வீடியோக்களை மகளுக்கு டிவியில் போட்டுக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை அடுப்புக் கூத்து வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தோம். புகைக்கு முன்னால் ஒரு துண்டு, அம்மா அடுக்களையில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போடுகிறாள். பழைய பித்தளைப் பாத்திரத்துக்காக நான் அதை எடுத்திருந்தேன். அம்மாவின் இடது கை மேடையைத் தடவிக்கொண்டே போகிறது. லைட்டர் அங்கேதான் இருக்கிறது, கை அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து எடுக்கிறது. பால் ஊற்றுவதற்கு முன் தம்ளரின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்க்கிறாள், ஊற்றும்போதும் விரல் விளிம்பிலேயே இருக்கிறது. சூடு பட்டதும் நிறுத்துகிறாள்.

"பாட்டிக்குக் கண்ணு தெரியலையாப்பா?" என்றாள் மகள்.

அதை எடுத்தவன் நான். அம்மாவிலிருந்து நாலடி தூரத்தில் நின்று, பித்தளை நன்றாகப் பளபளக்கிற மாதிரி கோணம் பார்த்து எடுத்தவன். 2014ல் லிண்டா ஹென்கல் என்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், மியூசியத்துக்குப் போனவர்களை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார். படமெடுத்த பொருள்களை, வெறுமனே பார்த்த பொருள்களைவிடக் குறைவாகத்தான் அவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். படிக்கும்போது இது மற்றவர்களைப் பற்றியது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாத்திரை டப்பாவை நகர்த்தி அந்தக் காலண்டர் தாளை எடுத்தேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கேஸ் டியூப் தேதி பார்க்கணும். குளிக்கிற ரூம் குழாய் சொட்டு. பின்கட்டு ஓடு ரெண்டு. போன்ல சத்தம் கேக்கல. கடைசியில், மற்றதைவிடச் சின்னதாக, கண்.

"ஏம்மா சொல்லல?"

"வந்ததும் வராததுமா நீ தூள் வாங்கப் போயிட்ட. மறுநாள் ரயிலு. சொல்லணும்னுதான் இருந்தேன், என்ன அவசரம்."

அடுப்புக்கு அடியில் குனிந்து டியூபில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கெடு தாண்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தேதி பார்க்கத்தான் அம்மாவால் முடியவில்லை, டியூபை மாற்ற வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காலமெல்லாம் புகையில் கிடந்தவளுக்கு அந்த நீல நெருப்பின் மேல் இருக்கிற மரியாதை எனக்கு வராது.

திங்கட்கிழமை காலை தென்காசியில் கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை, வலது முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆவணியில் ஒரு தேதி கேட்டேன். அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை முடியும் வாரம். வழியில் நின்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இரண்டு மணி நேரம் வரவில்லை, அதற்குள் டியூபும் வாஷரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஓடு மாற்ற ஆள் மழை விட்டால் வருகிறேன் என்றார். போனில் சத்தம் வராததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒலிபெருக்கித் துளையில் மாவு அடைத்திருந்தது. மகள் ஊசியால் குத்தி எடுத்தாள்.

ராத்திரி அல்ல, சாயங்காலமே பொதிகை. கிளம்பும் நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. அம்மா கொடியிலிருந்த துணியை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன், இன்னும் லேசாகப் புகை வாடை இருந்தது. நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பின்கட்டில் மீதித் தூளோடு சாக்கு அப்படியே கிடந்தது. அதை என்னம்மா செய்ய என்று கேட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் போனில் அவளே சொன்னாள். பக்கத்து வீட்டில் கோழி வளர்க்க ஆரம்பித்திருக்கிறார்களாம், கூட்டுக்கு அடியில் போடக் கேட்டார்களாம். சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.